நரிக்கரட்டின் நூற்று அறுபத்தொரு புள்ளிகள்

ஐம்பத்திரண்டு பெண்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருத்தி முகம்கூட இன்னொருத்தி தலைக்குப் பின்னால் மறையாமல் போட்டோ எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று தினம் இரண்டு தடவை? நூறு நாள் வேலையில் மேட் என்றால் நிழலில் நின்று பேர் கூப்பிடுகிறவள் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் ஓடைக்கரைப்பட்டிக்கு வந்து செல்லக்கிளியின் இடத்தில் நின்று பார்க்கட்டும். பதினொரு மணிக்கெல்லாம் தொண்டை கட்டிப்போகும்.

ஓடைக்கரைப்பட்டி, வாடிப்பட்டியிலிருந்து வடக்கே மினி பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர். செல்லக்கிளிக்கு முப்பத்தொன்பது வயது. பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் சோணைமுத்து மதுரையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இவள் மேட் ஆகி ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் அவள் அனுப்பிய வருகைப்பதிவு ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. வராத ஆளுக்கு வந்ததாகப் போட மாட்டாள். அவளுடைய நாத்தனார் பாண்டீஸ்வரி ஒரு தடவை கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு, “எம் பேரையும் சேத்துக்க மதினி” என்று போனில் கெஞ்சினாள். “சேத்துக்குறேன். போட்டோவுல நீ எங்கடி நிப்ப? பந்தியிலயா?” என்று கேட்டுவிட்டு இவள் போனை வைத்துவிட்டாள். பாண்டீஸ்வரி இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்லக்கிளியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கு சரியாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குப் பெருமை. நகை நட்டு, வீடு வாசல் என்று பெருமை பேசுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். இவள் மட்டும், “எம் பதிவ யாரும் கொற சொன்னதில்ல” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஊருக்கு மேற்கே இருக்கிற பாறைக்குன்றுக்கு நரிக்கரடு என்று பேர். அங்கே வேலை நடக்கும்போது ஒரு தொல்லை உண்டு. அடிவாரத்தில் போனுக்கு டவர் எடுக்காது. கரட்டின் நடுவில் மொட்டையாக நிற்கிற பெரிய பாறையின் மேல் ஏறினால்தான் எடுக்கும். அந்தப் பாறைக்கே டவர்ப்பாறை என்று பேர் வைத்துவிட்டார்கள். கீழே போட்டோ எடுப்பது, பிறகு பாறை மேல் ஏறி நின்று அனுப்புவது. ஆறு வருடமாக அவள் கால் தானாகவே அந்தப் பாறையைத் தேடிப் போகும். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு அவள் காலை வாரிவிட்டது.

போன புரட்டாசியில் தமிழ்வாணி வந்தாள். திருப்பரங்குன்றத்துப் பெண். மதுரையில் ஒரு கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முதுகில் ஒரு பை, தலையில் ஒரு தொப்பி. வந்தவள் நேராக வேலை நடக்கும் இடத்துக்கே வந்து, “இங்க கள்ளிமுளையான் இருக்குன்னு சொன்னாங்க. யாருக்காவது தெரியுமாக்கா?” என்று கேட்டாள்.

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். தெரியுமாவா? அவர்கள் தூக்குவாளியிலேயே இருந்தது. கள்ளிமுளையான் என்பது காரை முள்ளுக்கும் சூரை முள்ளுக்கும் அடியில், பாறையிடுக்கு மண்ணில், விரல் விரலாக நிற்கிற செடி. இலை கிடையாது. நாலு பட்டையாகத் தண்டு மட்டும் இருக்கும். மழை விழுந்தால் நுனியில் சின்னதாக நட்சத்திரம் போலப் பூக்கும். கள்ளி என்று பேர்தானே தவிர, கிள்ளினால் பால் வராது. புளியும் மிளகாயும் வைத்து அரைத்தால் கம்பங்கூழுக்கு அது போல ஒரு துவையல் இல்லை.

“அந்தா, நீங்க நிக்கிறீங்கள்ல, உங்க காலுக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க” என்றாள் செல்லக்கிளி.

தமிழ்வாணி குனிந்து பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மதுரையைச் சுற்றி இருபத்தாறு கரடுகளில் அவள் இந்தச் செடியைத் தேடிக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி இடத்தில் கல்லுடைத்துக் கரட்டையே காணோம். மிச்சத்திலும் பல இடங்களில் பிளாட் போட்டுவிட்டார்கள். எங்கே எத்தனை இருக்கிறது என்று ஒரு வரைபடம் தயார் செய்வதுதான் அவள் வேலை.

“இருக்குது இருக்குதுன்னு வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கக்கா. இன்ன எடத்துல இத்தன இருக்குன்னு மேப்புல காட்டினாத்தான், தோண்ட வர்றவங்க கொஞ்சம் யோசிப்பாங்க. ஒவ்வொரு கரட்டுக்கும் அந்த ஊர் ஆள் ஒருத்தர் எடுத்துக் குடுத்தா நல்லாருக்கும். நீங்க செய்றீங்களா?”

போட்டோ எடுப்பது, எண்ணுவது, அனுப்புவது. இவளுக்குத் தெரியாத வேலையா? செல்லக்கிளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

தமிழ்வாணி அவள் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். செடியைப் போட்டோ எடுக்க வேண்டும், எத்தனை தண்டு என்று போட வேண்டும், பூ உண்டா இல்லையா என்று போட வேண்டும், கடைசியில் ‘இடம்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அம்புட்டுத்தான். சொல்லிக்கொடுத்தது எங்கே என்றால், டவர்ப்பாறை மேல் உட்கார்ந்து. ஆப்பை இறக்க டவர் அங்கேதானே எடுக்கும்? சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த கரட்டுக்குப் போக வேண்டும் என்று தமிழ்வாணி மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

செல்லக்கிளி ஒன்பது நாள் கரட்டைச் சல்லடை போட்டாள். ஒவ்வொரு செடியாகப் போட்டோ எடுத்தாள். நாற்பது பக்க நோட்டில் நம்பர் போட்டு எழுதினாள். வயல்காட்டில் என்றால் கிணற்றடி, வரப்பு என்று அடையாளம் சொல்லலாம். கரட்டில் என்ன அடையாளம் சொல்வது? அவளுக்குத் தெரிந்த அடையாளத்தைப் போட்டாள். ‘37. பாண்டீஸ்வரி செருப்பு அறுந்த இடம், காரை முள் அடி, 11 தண்டு.’ ‘52. தங்கப்பொண்ணு அக்கா தூக்குவாளி வைக்கிற உசிலை மரத்துக்குப் பின்னால், 6 தண்டு, பூ உண்டு.’ இப்படியே நூற்று நாற்பத்து மூன்று. தினமும் சாயங்காலம் டவர்ப்பாறையில் ஏறி உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக ஆப்பில் ஏற்றி, மறக்காமல் ‘இடம்’ பொத்தானை அமுக்கினாள்.

கோளாறு உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்குப் புரியவில்லை. தமிழ்வாணிக்கும் அப்போது தெரியவில்லை. அவள் வரைபடத்தில் மதுரைச் சமவெளி முழுவதும் ஒரே திரையில் அடங்கியிருந்தது. அதில் நரிக்கரடு ஒரு பொட்டு. பொட்டுக்குப் பக்கத்தில் 143 என்று போட்டு, மற்ற கரடுகளோடு சேர்த்து ஒன்றிய அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டாள். இருபத்தாறிலும் பெரிய எண் அதுதான். அந்தச் செய்தி வந்த நாளில் சோணைமுத்து ஆரப்பாளையத்தில் ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம், “எம் பொண்டாட்டி சேட்டிலைட்டுல கணக்கெடுக்குறாண்ணே” என்று சொன்னாராம்.

ஐப்பசி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை ஒன்றிய அலுவலக ஓவர்சியர் சிவக்குமார் நரிக்கரட்டுக்கு வந்தார். மழைத் தண்ணீரை நிறுத்த அடிவாரச் சரிவில் நானூறு மீட்டருக்கு ட்ரெஞ்சு வெட்ட வேலை வந்திருந்தது. ஒரு மாதமாக வேலை இல்லாமல் கிடந்த பெண்களில் பத்துப் பதினைந்து பேர் சேதி கேட்டதும் பார்க்க வந்துவிட்டார்கள். சிவக்குமார் கையில் போனை வைத்துக்கொண்டு வழி சொல்ல, கூட வந்தவர் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு காரைப் புதருக்குள் புகுந்து, பாண்டீஸ்வரி செருப்பு அறுந்த இடத்தைத் தாண்டி, நேராக உசிலைக்குப் போனது. செல்லக்கிளி ஓடிப் போய்க் கோட்டுக்கு முன்னால் நின்றாள்.

“சார், இந்தக் கோடு எங்க போகுது?”

“எங்கம்மா போகும்? ட்ரெஞ்சு வெட்டத்தான்.”

“இங்கதான சார் செடி இருக்கு? மேப்புல குடுத்தோமே.”

“குடுத்தீங்க. அதப் பாத்துத்தான கோடே போடுறேன்.” அவர் போனில் வரைபடத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினார். “இந்தா பாருங்க மேட்டம்மா. நூத்தி நாப்பத்தி மூணும் அந்தப் பாறை மேலதான் இருக்கு. பாறையச் சுத்தி இருவது மீட்டர் ஒதுக்கிட்டேன். ஒரு மம்பட்டி படாது.”

செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று புள்ளியும் டவர்ப்பாறையின் உச்சியில் எறும்பு மொய்த்தது போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. புல் பூண்டுகூட முளைக்காத மொட்டைப்பாறை அது.

“ஏண்டி கிளி, பாறையில செடி மொளைக்க வச்சுட்டியே! நீ சாமியேதாண்டி!” என்றாள் தங்கப்பொண்ணு. கூட்டத்தில் மூத்தவள் அவள்தான். எதையும் முகத்துக்கு நேராகப் போட்டு உடைக்கிறவள். எல்லோரும் சிரித்தார்கள். செல்லக்கிளிக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை ஒரே நிமிடத்தில் மண்ணாகிப் போனது அவளுக்குத் தாங்கவில்லை.

மறுபடியும் அதே பாறையில் ஏறித்தான் தமிழ்வாணிக்குப் போன் போட வேண்டியிருந்தது. கேட்டதும் தமிழ்வாணியும் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அக்கா, ‘இடம்’ அமுக்குறப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“டவர் எடுக்குற எடத்துலதான் பாப்பா.”

“அதுக்கு டவர் வேணாங்க்கா. எடம் பிடிக்கிறது சேட்டிலைட்டு. கீழ, செடிகிட்ட நின்னே அமுக்கலாம். அனுப்புறதுக்கு மட்டுந்தான் டவர். நாந்தான் சொல்லாம விட்டுட்டேன். நானும் ஒரு தடவ பெருசாக்கிப் பாத்திருக்கணும்.”

டவர் வேறு, சேட்டிலைட் வேறு. ஒரே ஒரு வாக்கியம். அது தெரியாமல் ஒன்பது நாள் உழைப்பு போயிற்று. செல்லக்கிளிக்குத் தமிழ்வாணி மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. கீழே இறங்கி வந்து சிவக்குமாரிடம் நடந்ததைச் சொன்னாள்.

சிவக்குமார் கெட்ட மனிதர் இல்லை. கேட்டுக்கொண்டார். “பாருங்க மேட்டம்மா, திங்கக்கிழம வேல ஆரம்பிச்சாகணும். நிறுத்தச் சொன்னீங்கன்னா இந்த வேல வேற ஊருக்குப் போயிரும். ஆனா கோட்ட நகத்தலாம். அதுக்குச் செடி எங்க இருக்கு, எங்க இல்லங்கிறது அச்சாத் தெரியணும். ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வாரேன். சரியான மேப்பு இருந்தா மாத்துறேன். இல்லாட்டி இந்தக் கோடுதான்.”

அந்தக் கோட்டில் மம்பட்டி போடப் போகிறவர்கள் யார்? இவளுடைய ஐம்பத்திரண்டு பேர். முன்னால் நின்று வெட்டச் சொல்லப் போகிறவள் யார்? இவளேதான். வேலை போனால் அந்த ஐம்பத்திரண்டு வீட்டு முகத்திலும் முழிக்க முடியாது. வேலை நடந்தால், இருபத்தாறு கரடுகளில் மிஞ்சியிருக்கிற பெரிய கூட்டத்தை அவளே நின்று வெட்டிப் புரட்டியாக வேண்டும். நடுவில் இருந்தது மூன்றே நாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனும் நோட்டுமாகக் கிளம்பினாள். செடிக்கு நேர் மேலே போனை நீட்டிக்கொண்டு நின்றால், திரையில் ஒரு நீல வட்டம் வரும். முதலில் கரடு முழுக்க விரிந்திருக்கும். நிற்க நிற்கச் சுருங்கும். பதினைந்து மீட்டர், ஒன்பது, ஆறு. நாலு மீட்டருக்கு வந்த பிறகு அமுக்கினால்தான் நம்பலாம் என்று தமிழ்வாணி சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செடியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. புரட்டாசியில் இருந்த பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. மழைக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்து மூடியிருந்தது. பாண்டீஸ்வரிக்குச் செருப்பு அறுந்தது இந்தக் காரைக்கு அடியிலா, அந்தக் காரைக்கு அடியிலா? அறுந்தவளைத்தான் கேட்க வேண்டும். சனிக்கிழமை பாதி நாள் மழையில் போயிற்று. அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்றுதான் தேறியிருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தெருக்குழாய்க்குப் போனாள். தண்ணீர் விடுகிற நேரம் என்பதால் பாதிக் கூட்டம் அங்கேதான் இருந்தது.

“நாளைக்கு எல்லாரும் கரட்டுக்கு வரணும்” என்றாள். “நோட்டுல எழுதியிருக்க அடையாளமெல்லாம் உங்களதுதான். நீங்க வந்து அந்தந்த எடத்துல நின்னாத்தான் எனக்குத் தெரியும்.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு அதைக் கீழே இறக்கினாள். “ஏண்டி, ஒரு மாசமா வேலயில்லாமக் கெடக்கோம். இப்பத்தான் ஒண்ணு வருது. நீ மேப்பு கீப்புன்னு ஏதாச்சும் பண்ணி அதுவும் போச்சுன்னா யாருடி பதில் சொல்றது?”

“போகாதுக்கா. செடி எங்கன்னு சரியாக் காட்டிட்டா கோடு வெலகிப் போகும், வேலயும் இருக்கும். தப்பாக் காட்டினாத்தான் ரெண்டுல ஒண்ணு போயிரும்.”

“தப்பாக் காட்டினது யாரு?”

“நாந்தேன்” என்றாள் செல்லக்கிளி. “தெரியாமச் செஞ்சுட்டேன். எல்லாத்தையும் பாறையில ஏத்திட்டேன். எந் தப்புதான்.”

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பாண்டீஸ்வரிகூடக் கேலி செய்ய வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். தங்கப்பொண்ணு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆரப்பாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தமிழ்வாணி வந்து சேர்ந்தாள். இருவரும் கரட்டடியில் நின்றார்கள். ஏழரை வரைக்கும் யாரும் வரவில்லை. செல்லக்கிளி ஊர்ப் பக்கம் பார்க்காமல் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள். ஏழே முக்காலுக்கு ஓடைப் பாலத்தில் தலை தெரிந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. வேலைக்கு வருவது போலவே தூக்குவாளியும் மண் சுமக்கிற இரும்புச்சட்டியுமாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரும்புச்சட்டி எதற்கு? பழக்கதோஷம். முப்பத்து நாலு பேர். எல்லோருக்கும் முன்னால் தங்கப்பொண்ணு நடந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் செல்லக்கிளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் பேர் கூப்பிட ஆரம்பித்தாள்.

“முப்பத்தேழு! பாண்டீஸ்வரி!”

“வந்துட்டேன் மதினி! இந்தக் காரைதான்!” பாண்டீஸ்வரி ஓடிப் போய் அதன் அடியில் நின்று கையைத் தூக்கினாள்.

“அம்பத்திரண்டு! தங்கப்பொண்ணு அக்கா!”

“போறேன், போறேன். கத்தாத.”

கரடு முழுவதும் பெண்கள் நின்றார்கள். அடிவாரத்தில் ஒருத்தி, ஓடைச் சரிவில் நாலு பேர், உசிலைக்குப் பின்னால் ஒரு கும்பல். ஒவ்வொருத்தியும் தன் செடிக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். செல்லக்கிளி ஒவ்வொருத்தியாகப் போய், செடிக்கு மேல் போனை நீட்டி, வட்டம் சுருங்கும்வரை நின்றாள். ஆறு மீட்டரில் ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

“நாந்தான் நிக்கிறேன்ல, அமுக்கித் தொலடி. காலு கடுக்குது.”

“நாலு வரட்டும்க்கா.”

தமிழ்வாணி உதவிக்கு வந்தாள். தண்டை எண்ணுகிற வேலையை அவளிடம் கொடுத்துவிட்டு, செல்லக்கிளி அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். ஆராய்ச்சிக்காரப் பெண் மறுபேச்சில்லாமல் முட்டி போட்டு எண்ணினாள். அன்றைக்கு அந்தக் கரட்டில் யார் மேட் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நோட்டில் இல்லாத செடிகளும் கிடைத்தன. “இங்கனக்குள்ள ரெண்டு இருக்குடி, நீ எழுதல போல” என்று ஒருத்தி கூப்பிட்டாள். “நான் வருசாவருசம் கிள்ளுற எடம் ஒண்ணு இருக்கு, சொன்னா வைய மாட்டியே?” என்று இன்னொருத்தி இழுத்தாள். அப்படிப் புதிதாக இருபத்து மூன்று சேர்ந்தன. பழையதில் ஐந்தைக் காணவில்லை. ஆடு தின்றிருக்கும், அல்லது மழை அரித்துக்கொண்டு போயிருக்கும்.

“அந்த அஞ்சையும் குத்துமதிப்பா அங்கிட்டே எங்கயாச்சும் போட்டுரு மதினி. யாரு பாக்கப் போறா?” என்றாள் பாண்டீஸ்வரி.

செல்லக்கிளி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். “வராத ஆளுக்கு எப்படிடி போடுறது?”

பாண்டீஸ்வரி சிரித்துவிட்டாள். பழைய கோபம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது. ஐந்தையும் அடித்துவிட்டு, மொத்தம் நூற்று அறுபத்தொன்று என்று நோட்டில் எழுதினார்கள். மணி மூன்றரை. செல்லக்கிளி டவர்ப்பாறையில் ஏறினாள், இந்தத் தடவை அனுப்புவதற்கு மட்டும்.

நாலு மணிக்குச் சிவக்குமார் வந்தபோது புது வரைபடம் அவர் போனுக்குப் போயிருந்தது. புள்ளிகள் பாறையை விட்டு இறங்கிச் சரிவெல்லாம் பரவியிருந்தன. அவர் அதையும் முப்பத்து நாலு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். “போன தடவயும் கரெக்டுன்னுதான் குடுத்தீங்க” என்றார்.

“எதுன்னாலும் கேளுங்க சார். நீங்களே நடந்து போய்ப் பாருங்க” என்றாள் செல்லக்கிளி.

அவர் எழுபத்தொன்பதைத் தேர்ந்தெடுத்தார். போனைப் பார்த்துக்கொண்டே நடந்து போய் ஒரு சூரைப் புதருக்கு முன்னால் நின்றார். குனிந்தார். அடியில் எட்டுத் தண்டு இருந்தது. வரைபடத்திலும் எட்டு. அடுத்து பதினாறு. ஓடைச் சரிவுப் பாறையிடுக்கு. அங்கேயும் சரியாக இருந்தது. மூன்றாவதாக நூற்றுப் பன்னிரண்டுக்குப் போனார். பெண்கள் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். புள்ளி காட்டிய இடத்தில் செடி இல்லை. வெட்டவெளி மண்ணில் ஒரு இரும்புச்சட்டி கவிழ்ந்து கிடந்தது.

“இங்க ஒண்ணுமில்லியேம்மா.”

செல்லக்கிளி நோட்டைப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு. காலையில் அவள் கண்ணால் பார்த்து அமுக்கிய இடம். தப்பு எங்கே வந்தது? வட்டம் சரியாகச் சுருங்குவதற்குள் அமுக்கிவிட்டாளா? எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கப்பொண்ணு வந்தாள். “என்ன சார் ஒண்ணுமில்லங்கிறீக? மத்தியானம் ஆட்டுக்குட்டி வந்துச்சு. புதரு இல்லாத எடமாச்சே, வாயப் போட்டுருமேன்னு நாந்தான் கவுத்தி வச்சேன்” என்று சொல்லிக்கொண்டே சட்டியைத் தூக்கினாள்.

அடியில் ஐந்து தண்டு நின்றது. அதில் ஒன்றின் நுனியில், சீசன் முடிந்த பிறகும் உதிராமல், ஒரு பூ இருந்தது.

சிவக்குமார் அதற்கு மேல் எதையும் சோதிக்கவில்லை. காலால் பழைய சுண்ணாம்புக் கோட்டை அழித்தார். வரைபடத்தை நடுவில் வைத்துக்கொண்டு அவரும் செல்லக்கிளியும் ஒரு மணி நேரம் நடந்தார்கள். புள்ளி இருக்கிற இடத்தில் கோடு வளைந்தது, இல்லாத கிழக்குச் சரிவில் நீண்டது. நானூறு மீட்டரில் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. ஐம்பத்திரண்டு பேருக்கும் வேலை அப்படியே இருந்தது.

“பதினஞ்சு வருசமாக் கோடு போடுறேன் மேட்டம்மா. ஒரு ஊரு எந்திரிச்சு வந்து, இங்கன வெட்டாத, இங்கன வெட்டுன்னு வெரல வச்சுக் காட்டினது இதான் மொதத் தடவ” என்றார் சிவக்குமார். செல்லக்கிளி தலையை ஆட்டினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தமிழ்வாணி அன்றே வரைபடத்தின் அடியில் கண்டெடுத்தவர்கள் என்று போட்டு முப்பத்தைந்து பேரையும் எழுதினாள். முதல் பேர் செல்லக்கிளி. நூற்றுப் பன்னிரண்டாம் புள்ளிக்கு நேராகத் தங்கப்பொண்ணு என்று இருந்ததைப் படித்துக் காட்டியபோது, “எம் பேரு காலேஜுல இருக்கப்போகுதா? பள்ளிக்கூடத்துலயே இருந்ததில்லையேடி” என்று அவள் எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கியது. செல்லக்கிளி வழக்கம்போல வரிசையை நிறுத்தி வருகைப்பதிவு போட்டோ எடுத்தாள். அது முடிந்ததும் சிவக்குமார், கோடு மாற்றிய கோப்பில் வரைபடத்தோடு வைக்க இன்னொரு போட்டோ வேண்டும் என்றார். கணக்கெடுத்தவர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். செல்லக்கிளி போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

தங்கப்பொண்ணு வரிசையிலிருந்து வெளியே வந்து அந்தப் போனைப் பிடுங்கினாள். “ஆறு வருசமா எங்களயே எடுத்துக்கிட்டு இருக்க. ஒரு போட்டோவுலயாச்சும் நீ இருந்திருக்கியாடி? போ, போய் நடுவுல நில்லு. என்னய அப்புறம் எடுத்துக்கலாம்.”

செல்லக்கிளி போய் நின்றாள். பாண்டீஸ்வரி அவள் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தொரு பேருக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. தங்கப்பொண்ணு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

“அக்கா, கொஞ்சம் இரு!” என்று வரிசையிலிருந்து செல்லக்கிளி கத்தினாள். “வட்டம் நாலு மீட்டர் வந்துருச்சா? வந்தப்புறம் அமுக்கு!”